கிரானி ஸ்கொயர் பவுச்: கோணல் தெரிவது ஓரிடம், பிறந்தது வேறிடம்

கிரானி ஸ்கொயர், அதாவது கொக்கி ஊசியால் நடுவிலிருந்து சுற்றுச் சுற்றாகப் பின்னும் சதுரம், ஐந்தாவது சுற்றில் வளைகிறது. ஐந்தாவது சுற்றைப் பிரித்து மறுபடி பின்னுகிறீர்கள். மறுபடியும் வளைகிறது. மூன்றாவது தடவை ஊசியையும் நூலையும் பையில் திணித்து, "எனக்கு இது வராது" என்று மூலையில் போட்டுவிடுகிறீர்கள். குரோஷே என்ற இந்தக் கொக்கிப் பின்னலைப் பழகும் பலர் நின்றுபோவது இந்த இடத்தில்தான். அந்த வளைவு இரண்டாவது சுற்றில் விழுந்தது. ஐந்தாவதில் கண்ணில் படுகிறது, அவ்வளவுதான். இந்தச் சதுரங்களை இணைத்துச் செய்யும் சிறு பையான பவுச்சுக்கும் இதே கதை. ஜிப் நெளிந்தால் ஜிப்பைத் திட்டுவோம். ஜிப் தைப்பதற்கு முன்னாலேயே வாய் ஓரம் தொங்கிப் போயிருக்கும்.

அதனால் இங்கே ஒவ்வொரு கோளாறையும் கண்ணில் படும் விதத்தில் எடுத்துக்கொண்டு, அது எங்கே பிறந்தது, எதுவரை பிரிக்க வேண்டும், பிரிக்காமலே சமாளிக்க முடியுமா என்று பார்க்கிறேன். கணக்கில் வைத்திருப்பது எளிய பவுச்: ஐந்து சுற்றுச் சதுரங்கள் இரண்டு, மூன்று பக்கம் இணைப்பு, நான்காவது பக்கம் ஜிப். டிகே எனப்படும், நடுத்தரத்தைவிடச் சற்று மெல்லிய நூலும் 4 மி.மீ. ஊசியும் என்றால் சதுரம் 11 அல்லது 12 செ.மீ. அளவில் வரும். ஒரு செ.மீ. கூடினாலும் குறைந்தாலும் பரவாயில்லை. இரண்டும் ஒன்றுபோல இருந்தால் சரி.

முதலில் நல்ல சதுரம் எப்படி இருக்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும். மேஜிக் ரிங்குக்குள் (வாலை இழுத்தால் இறுகும் நூல் வளையம்) 3 செயின் (சங்கிலிக் கண்ணி) போடுங்கள், இது ஒரு டபுள் குரோஷேவாகக் (உயரமான கண்ணி, போடும் முறை கீழே வரும்) கணக்கு. கூடவே 2 டபுள் குரோஷே, 2 செயின். அடுத்து "3 டபுள், 2 செயின்" என்பதை மூன்று முறை. தொடக்கத்து 3 செயினின் உச்சியில் ஸ்லிப் ஸ்டிட்ச் (உயரமில்லாத இணைப்புக் கண்ணி) போட்டு மூடினால் முதல் சுற்று. அடுத்த சுற்றிலிருந்து ஒவ்வொரு மூலை இடைவெளியிலும் (2 செயின் போட்ட இடம்) 3 டபுள், 2 செயின், 3 டபுள். பக்கவாட்டு இடைவெளி ஒவ்வொன்றிலும் 3 டபுள் மட்டும்.

இதை எண்ணிப் பார்க்க ஒரு சுருக்கு வழி உண்டு. ஒரு மூலை இடைவெளியிலிருந்து அடுத்த மூலை இடைவெளி வரை எத்தனை கொத்து (3 டபுள் சேர்ந்தது ஒரு கொத்து) இருக்கிறதோ, அதுதான் சுற்றின் எண். மூன்றாவது சுற்றில் பக்கத்துக்கு 3 கொத்து, ஐந்தாவதில் 5. மொத்த டபுள் குரோஷே வேண்டுமென்றால் சுற்றின் எண்ணை 12-ஆல் பெருக்குங்கள்: முதல் சுற்றில் 12, இரண்டாவதில் 24, ஐந்தாவதில் 60. கீழே வரும் கோளாறுகளில் பாதி இந்தக் கணக்கிலேயே பிடிபட்டுவிடும்.

சதுரம் தட்டையாகக் கிடக்காமல் கிண்ணம்போல் குழிகிறது

முதல் இரண்டு சுற்றில் லேசாகக் குழிந்தால் விட்டுவிடுங்கள். சிறிய சதுரம் அப்படித்தான் இருக்கும், மூன்றாவது சுற்று வந்ததும் தானே படியும். மூன்றாவதற்குப் பிறகும் விளிம்பு எழுந்து நின்றால்தான் நோய்.

மேசையில் வைத்து உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளியே மெல்ல அழுத்திக்கொண்டே வாருங்கள். எந்தச் சுற்றுவரை படிகிறது, எங்கே எழ ஆரம்பிக்கிறது என்று கைக்கே தெரியும். எழ ஆரம்பிக்கும் சுற்றையும் அதற்கு முந்தியதையும் எண்ணுங்கள். பெரும்பாலும் ஒரு மூலையில் இரண்டு கொத்துக்குப் பதிலாக ஒன்றுதான் இருக்கும். பேசிக்கொண்டே பின்னும்போது மூலையைப் பக்கவாட்டு இடைவெளி என்று நினைத்து 3 டபுளோடு தாண்டிவிடுவோம். அப்படியானால் வேறு வழியில்லை, அந்த மூலைவரை பிரிக்கத்தான் வேண்டும். நூல் வீணாகாது, மனசுதான் கொஞ்சம் நோகும்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் குழிகிறதா? மூலையில் இருக்கும் 2 செயினைப் பாருங்கள். ஊசி நுனியை அந்த இடைவெளியில் விட்டுத் திருப்பினால் தாராளமாகச் சுழல வேண்டும். இறுகிப் பிடித்தால் உங்கள் செயின் கை இறுக்கம். டபுள் குரோஷே தளர்வாகவும் செயின் இறுக்கமாகவும் வருவது புதியவர்களிடம் சாதாரணம். செயினில் நூலைச் சுண்டி இழுக்கும் பழக்கம் இருக்கும். மூலைக்கு மட்டும் 3 செயின் போட்டுப் பாருங்கள். பழக்கத்தை மாற்றுவதைவிட எண்ணை மாற்றுவது சுலபம். இரண்டு சதுரத்திலும் அதே 3 இருக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

ஓரம் அலை அலையாக, வாடிய இலைபோல் நெளிகிறது

கிண்ணத்துக்கு நேர் எதிர். இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொண்டால் இனி யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது. ஒரு சுற்று போட்டதும் சதுரம் இரண்டு பக்கமும் ஒவ்வொரு டபுள் குரோஷே உயரம் வளர்கிறது. ஆக, அகலம் கூடுவது இரண்டு உயர அளவு. அதே சுற்றில் ஓரத்தின் நீளத்தில் கூடுவது ஒரு கொத்தும் அதன் இடைவெளியும். இந்த இரண்டும் ஏறக்குறைய சமமாக இருந்தால் சதுரம் படிந்து கிடக்கும். உயரம் மிஞ்சினால் ஓரம் எட்டாமல் உள்ளே இழுக்கும், அது கிண்ணம். ஓரம் மிஞ்சினால் இருக்க இடமில்லாமல் நெளியும், அது அலை.

அலைக்கு முதல் சந்தேகம் கூடுதல் கொத்து. சுற்றின் தொடக்கத்தில் ஸ்லிப் ஸ்டிட்ச் போட்ட இடத்துக்கும் 3 செயினுக்கும் நடுவே ஒரு பொய் இடைவெளி தெரியும். அதில் ஒரு கொத்தை நுழைத்திருப்பீர்கள். ஒரே பக்கத்தில் மட்டும் ஒரு கொத்து கூடுதலாக இருந்தால் இதுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

நான்கு பக்கமும் ஒரே மாதிரி அலைந்தால் காரணம் கொத்துகளுக்கு இடையே போடும் செயின். சில வழிமுறைகள் அங்கே 1 செயின் கேட்கும், சில கேட்காது. கை தளர்வானவர்கள் அந்த 1 செயினை விட்டுவிடலாம். பவுச்சுக்கு அது இல்லாமல் இருப்பதே மேல் என்பது என் கட்சி. ஓட்டை சிறிதாகும், பை உறுதியாகும். அதை விட்ட பிறகும் அலைந்தால் ஊசியை அரை மி.மீ. குறையுங்கள்.

வழிமுறைப்படிதான் பின்னினேன், ஆனால் சதுரம் குள்ளமாக, முறுக்காக வருகிறது; அல்லது வலைபோல் நீண்டு தொங்குகிறது

வழிமுறை ஒரு நாட்டுப் பெயரில் பேசுகிறது, நீங்கள் இன்னொரு நாட்டுப் பெயரில் கேட்கிறீர்கள். பிரிட்டிஷ் வழக்கில் "டபுள் குரோஷே" என்றால் அமெரிக்க வழக்கில் "சிங்கிள் குரோஷே". பிரிட்டிஷ் "ட்ரெபிள்" என்பதே அமெரிக்க "டபுள்". நான் இங்கே முழுக்க அமெரிக்கப் பெயர்களையே சொல்கிறேன். அதாவது டபுள் குரோஷே என்றால் ஊசியில் ஒரு முறை நூலைச் சுற்றிக்கொண்டு நுழைத்து, நூலை வெளியே எடுத்து, இரண்டு இரண்டு கண்ணியாக விடுவது.

இந்தக் குழப்பம் எப்படிக் காட்டிக்கொடுக்கும் என்பதற்கு மேலே சொன்ன உயரக் கணக்கே போதும். டபுளுக்குப் பதில் சிங்கிள் போட்டால் உயரம் குறைவு, ஓரம் மிச்சம். சதுரம் குட்டையாகி அலையும். டபுளுக்குப் பதில் ட்ரெபிள் போட்டால் உயரம் அதிகம். ஓட்டையும் பெரிதாகி, கிண்ணமாகவும் குழியும். வழிமுறையில் எங்காவது "சிங்கிள் குரோஷே" என்ற பெயர் வந்தால் அது பெரும்பாலும் அமெரிக்க முறை. பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரை இன்று யாரும் அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை. என் முதல் சதுரம் முழுக்க முழுக்க இந்தக் கோளாறு. உள்ளங்கைக்குள் அடங்கும் தடித்த அப்பளம் மாதிரி ஒன்று வந்தது. இரண்டு நாள் நூலைக் குறை சொன்னேன்.

நான்கு மூலை இல்லை

நடுவிலிருந்தே மூன்று மூலையோ ஐந்து மூலையோ வந்தால் முதல் சுற்றில் எண்ணிக்கை தவறியிருக்கிறது. நடுவில் 12 டபுள், 4 இடைவெளி. வேறு எங்கும் தேட வேண்டாம், முழுவதையும் பிரியுங்கள்.

சதுரம் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு சாய்கிறது

எண்ணிக்கை சரி, தட்டையாகவும் இருக்கிறது. ஆனால் காற்றாடிபோல் ஒரு பக்கம் சுழன்ற தோற்றம். மூலைக்கு மூலை மடித்தால் ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று உட்காராது. இது உங்கள் பிழை அல்ல, பின்னலின் இயல்பு. குரோஷே கண்ணியின் தலை அதன் தண்டுக்கு நேர் மேலே உட்காருவதில்லை, சற்றே ஒரு பக்கம் தள்ளி உட்காரும். எல்லாச் சுற்றையும் ஒரே திசையில், ஒரே முகத்தில் பின்னினால் அந்தச் சாய்வு சுற்றுக்குச் சுற்று சேர்ந்துகொண்டே போகும். ஐந்து சுற்றில் அவ்வளவாகத் தெரியாது. ஒரே பெரிய சதுரத்தை மடித்து உறைபோல பவுச் செய்கிறவர்களுக்கு எட்டு, பத்து சுற்றில் பளிச்சென்று தெரியும்.

மருந்து சுலபம். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் வேலையைத் திருப்பிப் போட்டுப் பின்னுங்கள். ஒரு சுற்றின் சாய்வை அடுத்தது ஈடுகட்டிவிடும். இன்னொரு லாபமும் உண்டு. சுற்றை ஒரு மூலையில் தொடங்கி, அதே மூலையில் மிச்சக் கொத்தையும் 2 செயினையும் போட்டு முடித்தால், திருப்பியதும் மூலை இடைவெளி ஊசிக்குப் பக்கத்திலேயே நிற்கும். ஒரே ஒரு ஸ்லிப் ஸ்டிட்சில் உள்ளே போய்விடலாம். திருப்பாமல் பின்னுகிறவர்கள் மூலைக்குப் போக இரண்டு மூன்று ஸ்லிப் ஸ்டிட்ச் நடக்க வேண்டும், அது தழும்பாகத் தெரியும்.

ஏற்கெனவே பின்னி முடித்த சதுரம் சாய்ந்திருந்தால் ஈரப்படுத்தி குண்டூசி குத்திக் காயவைத்தால் ஓரளவு நேராகும். இரண்டு சதுரமும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் இணைக்கும்போது இன்னும் சிக்கல். உள்முகங்கள் சேரும்படி வைத்தால் சாய்வுகள் எதிர் எதிராக நிற்கும். மூலைகளை முதலில் ஊக்கு போட்டுப் பொருத்திவிட்டு, பிறகே தைக்கத் தொடங்குங்கள்.

நடுவில் ஓட்டை விரிந்துகொண்டே போகிறது

மேஜிக் ரிங்கின் வால் நழுவுகிறது. வாலைத் தையல் ஊசியில் கோத்து வளையத்தைச் சுற்றி ஒரு முழுச் சுற்று ஓட்டி, பிறகு திசை மாற்றி எதிர்ப்பக்கம் பாதியாவது ஓட்டி, அப்புறம் நறுக்குங்கள். ஒரே திசையில் ஓட்டினால் எவ்வளவு நீளம் ஓட்டினாலும் ஒருநாள் உருவிக்கொள்ளும். மேஜிக் ரிங் கையில் நிற்கவே மாட்டேன் என்கிறதா? 4 செயின் போட்டு ஸ்லிப் ஸ்டிட்சால் வளையமாக்கித் தொடங்குங்கள். நடுவில் சிறிய ஓட்டை நிலையாக இருக்கும், ஆனால் அது விரியாது. உள்ளே லைனிங் துணி போடப் போகிற பவுச்சுக்கு அது ஒரு குறையே இல்லை.

சுற்று தொடங்கும் இடத்தில் தழும்புபோல் ஒரு கோடு

தொடக்க 3 செயின் டபுள் குரோஷேவைவிட ஒல்லி. அதனால் அதன் பக்கத்தில் சந்து தெரியும். 3-க்குப் பதில் 2 செயின் போட்டு அதையே டபுளாகக் கணக்கிட்டால் சந்து குறையும். நிறம் மாற்றுகிற சுற்றானால் செயினே வேண்டாம். புது நூலில் ஊசியில் ஒரு முடிச்சுக் கண்ணி போட்டுக்கொண்டு, நேரடியாக மூலை இடைவெளியில் டபுள் குரோஷே போடலாம். முதல் முறை ஊசியிலிருந்து நழுவும், விரலால் கண்ணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிறத்தையும் வெவ்வேறு மூலையில் தொடங்கினால் மிச்சமிருக்கும் தழும்பும் ஒரே இடத்தில் குவியாது.

மூடும் ஸ்லிப் ஸ்டிட்சை 3 செயினின் மூன்றாவது செயினில்தான் போட வேண்டும். பக்கத்துக் கண்ணியில் போட்டுவிட்டால் அந்தப் பக்கத்தில் ஒரு கண்ணி கூடியதாகவோ குறைந்ததாகவோ எண்ணிக்கை வரும். பக்கங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தாததற்கு இது மறைவான காரணம்.

இரண்டு சதுரம் இரண்டு அளவில் இருக்கிறது

புதியவர்களின் பவுச் கோணுவதற்கு முதல் காரணம் இது என்று சொல்வேன். முதல் சதுரம் பயத்தில் பின்னியது, இறுக்கமாக இருக்கும். இரண்டாவது தைரியத்தில் பின்னியது, தளர்ந்து பெரிதாக இருக்கும். அரை செ.மீ. வித்தியாசம் தாராளமாக வரும்.

இதற்கு நான் சொல்லும் வழி சிலருக்குப் பிடிக்காது: மூன்று சதுரம் பின்னுங்கள், பிந்திய இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் சதுரம் தம்ளர் வைக்கும் தட்டாக வேலை செய்யட்டும். ஒரு மணி நேரம் கூடுதல் செலவு. பிறகு இழுத்துப் பிடித்து இணைத்து, கோணலான பவுச்சை வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பதைவிட அது மலிவு.

நூல் மாறியிருந்தாலும் அளவு மாறும். கிரானி ஸ்கொயர் என்பது மிச்ச நூலைத் தீர்க்க வசதியான வடிவம். அதனாலேயே ஒரு சுற்று தடித்த நூலிலும் இன்னொன்று மெல்லியதிலும் வந்துவிடும். மிச்ச நூலில் பின்னுவதென்றால் இரண்டு சதுரத்திலும் ஒரே சுற்றில் ஒரே நூல் வரட்டும். நடுவில் பச்சை, இரண்டாவதில் மஞ்சள் என்றால் இரண்டிலும் அப்படியே. அழகுக்காக இந்த வரிசையை மாற்றுவதாக இருந்தால், நூல்களின் தடிமனை இரு விரலுக்கிடையே உருட்டிப் பார்த்து ஒத்ததை மட்டும் மாற்றுங்கள்.

பின்னி முடித்த பிறகு வித்தியாசம் தெரிந்தால் நீட்டிக் காயவைப்பதுதான் வழி. ஒரு அட்டையில் இரண்டு சதுரத்துக்கும் நடுவான அளவில் ஒரு கட்டம் வரையுங்கள். பருத்தி நூல் என்றால் நனைத்து, துண்டில் சுற்றிப் பிழிந்து, கட்டத்தின் கோட்டின்மேல் முதலில் மூலைகளையும் பிறகு ஓரங்களையும் குண்டூசியால் குத்தி, முழுக்கக் காயும்வரை விடுங்கள். அக்ரிலிக் நூல் நனைத்துக் காயவைப்பதை அவ்வளவாகப் பொருட்படுத்தாது, அதற்கு ஆவி வேண்டும். இஸ்திரிப் பெட்டியை 2, 3 செ.மீ. உயரத்தில் பிடித்து ஆவி மட்டும் காட்டுங்கள். நூலில் பட்டுவிட்டால் இழை உருகித் துவண்டு, பளபளப்பாகி, செத்தது செத்ததுதான். அதைத் திருப்பிக் கொண்டுவர முடியாது. உங்களுடைய மிச்சத் துண்டு ஒன்றில் முதலில் ஒத்திகை பாருங்கள்.

அரை செ.மீ.க்கு மேல் வித்தியாசம் என்றால் நீட்டுவது தாங்காது. சிறிய சதுரத்தின் கடைசிச் சுற்றை மட்டும் பிரித்து அரை மி.மீ. பெரிய ஊசியில் பின்னுங்கள்.

நூல் நுனிகள் வெளியே துருத்திக்கொண்டு வருகின்றன

நறுக்கும்போதே 15 செ.மீ. விட்டிருக்க வேண்டும். 5 செ.மீ. நுனியை யாராலும் மறைக்க முடியாது. மழுங்கிய முனையுள்ள ஊசியில் கோத்து, அதே நிறக் கொத்துகளின் அடிவழியே ஒரு பக்கம், திரும்பி வேறு இழை வழியே மறுபக்கம், மறுபடி ஒருமுறை என்று மூன்று நடை போகவேண்டும். நூலின் திரிக்குள்ளேயே ஊசியைக் குத்தி எடுத்தால் இன்னும் பிடிக்கும்.

அடுத்த சுற்றைப் பின்னும்போது நுனியையும் சேர்த்துப் பிடித்துப் பின்னிவிடுவது நேரம் மிச்சம்தான். கிரானி ஸ்கொயரில் கொத்துக்குக் கொத்து நடுவே வெளியே தெரியும் இடம் உண்டு, அங்கே நுனி பல்லிளிக்கும். முதல் கொத்துக்குள் மட்டும் சேர்த்துப் பின்னிவிட்டு மீதியை ஊசியால் ஓட்டுங்கள். நிறங்களை முடிச்சுப் போட்டு இணைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. லைனிங்குக்குள் ஒளிந்திருக்கிற முடிச்சு அவிழ்ந்தால் லைனிங்கையே பிரிக்க வேண்டிவரும்.

இணைத்த ஓரம் சுருங்குகிறது, அடிமூலை கோணுகிறது

இணைப்பதற்கு முன் எண்ணிக்கை. கொத்துகளுக்கு இடையே செயின் இல்லாத ஐந்து சுற்றுச் சதுரத்தில் ஒரு பக்கத்துக்கு 15 டபுள். இரண்டு மூலையிலிருந்தும் பக்கத்துக்கு ஒரு செயின். ஆக 17 புள்ளிகள். இரண்டு சதுரத்திலும் 17 இருந்தால் ஒன்றுக்கு ஒன்று தைத்துக்கொண்டே போகலாம். மனக்கணக்கில் நம்பிக்கை இல்லாதவர்கள் இரண்டு மூலை, நடுக் கொத்து என மூன்று இடத்தில் ஊக்கு போட்டுவிட்டால் எங்கே நழுவினாலும் பாதியிலேயே பிடித்துவிடலாம்.

ஸ்லிப் ஸ்டிட்சில் இணைத்தால் ஓரம் சுருங்குவது கிட்டத்தட்ட நிச்சயம். ஊசியை அரை அல்லது ஒரு மி.மீ. பெரிதாக்குங்கள். சிங்கிள் குரோஷேவில் இணைத்தால் வெளியே ஒரு வரம்பு எழும். அது கோளாறில்லை, வேறு நிறத்தில் போட்டால் அழகான விளிம்பு. வரம்பே வேண்டாம் என்கிறவர்கள் ஊசியில் நூல் கோத்து, இரண்டு சதுரத்தின் வெளிக் கண்ணிகளை மட்டும் பிடித்து, ஓரத்தைச் சுற்றிச் சுற்றித் தையுங்கள். இதில் இழுப்பு சமமாக இருக்க வேண்டும். நான்கு தையலுக்கு ஒருமுறை இணைப்பை இரு கையாலும் மெல்ல நீட்டிவிடுங்கள். நூல் இறுகியிருந்தால் அப்போதே இளகும்.

அடிமூலைகளில் ஓட்டை விழுவது வழக்கம், சில்லறை முதலில் அங்கேதான் எட்டிப் பார்க்கும். மூலைச் செயின் இரண்டிலும் இரண்டு முறை தைத்துக் கடந்து போங்கள்.

ஒரே சதுரத்தை மடித்த உறைப் பவுச்சில் மூலைகள் நடுவில் சேரவில்லை

மூன்று மூலையை நடுவுக்கு மடித்துத் தைத்து, நான்காவதை மூடியாக்கும் வகை இது. சேரவில்லையென்றால் சதுரம் சதுரமாக இல்லை. மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவையும் எடுத்துப் பாருங்கள், சமமாக இருக்காது. நீட்டிக் காயவைத்துவிட்டு மறுபடி மடியுங்கள். பை எதிர்பார்த்ததைவிடச் சிறிதாக வந்தால் அது கணக்கு: மடித்த பையின் பக்கம் சதுரத்தின் பக்கத்தில் பத்தில் ஏழு பங்குதான். 14 செ.மீ. பை வேண்டுமென்றால் 20 செ.மீ. சதுரம் பின்ன வேண்டும். மூடிக்குப் பொத்தான் வைக்கத் தனித் துளை வேண்டாம், கொத்துகளுக்கு இடையே உள்ள சந்தே போதும். சந்தைவிடக் கொஞ்சம் பெரிய பொத்தானாகப் பாருங்கள்.

உள்ளே வைத்த பொருள் ஓட்டை வழியே விழுகிறது, பை தொங்கித் தொங்கி நீளுகிறது

இது கிரானி ஸ்கொயரின் பிறவிக் குணம். சிறிய ஊசி ஓரளவு உதவும், ஆனால் லைனிங்தான் தீர்வு. லைனிங் ஓட்டையை அடைப்பதோடு எடையையும் தாங்க வேண்டும். அதனால் அது பின்னலைவிட ஒரு இழை சிறிதாக இருக்க வேண்டும். பெரிதாக வெட்டினால் உள்ளே மடிந்து கசங்கும், எடை முழுக்கப் பின்னல்மேல் விழும், பை நீளும்.

சதுரங்களை நீட்டிக் காயவைத்து, இணைத்த பிறகே அளவெடுங்கள். பவுச் 12 செ.மீ. என்றால் துணி இரண்டு துண்டு, ஒவ்வொன்றும் 14-க்கு 14. மூன்று பக்கமும் 1 செ.மீ. உள்ளே தள்ளித் தைக்கவும், வாயில் 1 செ.மீ. மடிக்கவும் சரியாக இருக்கும். பக்கத் தையலை 1 செ.மீ.யை விட ஒன்றிரண்டு மி.மீ. உள்ளே போட்டால் அந்த ஒரு இழை சிறுமை கிடைத்துவிடும். பருத்தித் துணியானால் வெட்டுவதற்கு முன்பே ஒருமுறை அலசிக் காயவையுங்கள். பிறகு சுருங்கினால் பவுச்சையே இழுத்துக்கொள்ளும்.

இங்கே எல்லோரும் ஒருமுறை சறுக்குவார்கள்: லைனிங்கைத் தைத்துவிட்டுத் திருப்பிவிடுவார்கள். திருப்பக் கூடாது. நல்ல பக்கங்கள் உள்ளே இருக்கத் தைத்து, அப்படியே பவுச்சுக்குள் இறக்க வேண்டும். அப்போதுதான் தையல் மிச்சம் பின்னலுக்கும் துணிக்கும் நடுவே மறையும், கைவிடும்போது நல்ல பக்கம் தெரியும். நிறமும் யோசித்து எடுங்கள். ஓட்டை வழியே துணிதான் தெரியும், பூப்போட்ட துணி கொத்துகளின் வடிவத்தைக் குழப்பும். ஒரே அடர்நிறம் கொத்துகளைத் தூக்கிக் காட்டும்.

ஜிப் பாம்புபோல் நெளிகிறது

தைத்தவருக்கு ஜிப் கோணல் என்று தோன்றும். உண்மையில் தைக்கும்போது பின்னலை இழுத்துப் பிடித்திருப்பீர்கள். கை விட்டதும் பின்னல் தன் அளவுக்குச் சுருங்கும், சுருங்கத் தெரியாத ஜிப் நாடா நெளியும்.

வாயை முதலில் உறுதியாக்குங்கள். அரை மி.மீ. சிறிய ஊசியில் வாயைச் சுற்றி ஒரு வரிசை சிங்கிள் குரோஷே, பக்கத்துக்கு 17, மொத்தம் 34. அந்த வரிசையே அலைந்தால் பக்கத்துக்கு 16 ஆக்குங்கள். அதன்பின் ஜிப்பை மூடி, பவுச்சை மேசையில் படுக்கவைத்து, யாரும் எதையும் இழுக்காத நிலையில் நடுவிலிருந்து இரு முனைக்கும் குண்டூசி குத்திக்கொண்டே போங்கள். முனையிலிருந்து தொடங்கினால் மிச்சம் எல்லாம் மறுமுனையில் குவியும். தையல் நூலால் பேக் ஸ்டிட்ச் (ஒவ்வொரு தையலுக்கும் சற்றுப் பின்னால் போய் முன்னேறும் தையல்), பல்லிலிருந்து 3, 4 மி.மீ. தள்ளி. அதைவிட நெருங்கினால் ஜிப் தலை பின்னலைக் கடித்து இழுக்கும். உல்லன் நூலால் ஜிப் தைக்க வேண்டாம், தடிமன் தாங்காது.

முதல் பக்கம் தைத்ததும் ஜிப்பைப் பாதி திறந்துவிட்டு மறுபக்கம் தொடங்குங்கள். மூடியபடியே இரண்டு பக்கமும் தைத்து, அதன் மேல் லைனிங்கும் போட்டுவிட்டு, ஜிப் தலை உள்ளே மாட்டிக்கொண்டு வெளியே எடுக்க வழியில்லாமல் உட்கார்ந்திருந்த மாலை ஒன்று எனக்கு உண்டு.

ஜிப் நீளம் அதிகமென்றால், பிளாஸ்டிக் சுருள் பல் ஜிப்பாக இருந்தால் வெட்டலாம். வேண்டிய இடத்தில் பல்லின்மேல் குறுக்காக ஏழெட்டு முறை இறுக்கித் தைத்துத் தடை போட்டு, அதற்கு ஒன்றரை செ.மீ. தள்ளி வெட்டுங்கள். உலோகப் பல் ஜிப்பை வீட்டுக் கத்தரியால் வெட்டப் போகாதீர்கள். சரியான நீளத்தில் வேறொன்று வாங்குவதே மேல். லைனிங்கின் மடித்த வாயை ஜிப் நாடாவின் உள்பக்கத்தில், தையல் கோட்டை மறைத்து, சிறு சிறு ஹெம்மிங் தையலில் பிடித்துவிட்டால் வேலை தீர்ந்தது.

ஜிப்பே பயமாக இருந்தால் சுருக்குப்பை செய்யலாம். வாய்ப்பக்க இடைவெளிகள் வழியே செயின் கயிறு இரண்டை எதிர் எதிர்த் திசையில் கோத்துவிட்டால் போதும். வாயின் சுற்றளவு 24 செ.மீ. என்றால் ஒவ்வொரு கயிறும் 55 செ.மீ. அளவில் இருக்கட்டும். கயிறு நாளடைவில் நீண்டு மெலிந்தால், செயினின் மேல் திரும்பி ஒரு வரிசை ஸ்லிப் ஸ்டிட்ச் போட்டு வாருங்கள், நீளாது.

முதல் அலசலில் வெள்ளைக் கொத்துகள் ரோஜா நிறமாகிவிட்டன

சிவப்பு, கருநீலம், அடர்பச்சை ஆகியவை சாயம் விடும் சாத்தியம் அதிகம். பின்னத் தொடங்கும் முன்பே ஒரு முழம் நூலை வெந்நீரில் நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். கறை பட்டால் அந்த நூலை வெள்ளையோடு சேர்க்காதீர்கள். ஏற்கெனவே பின்னியாகிவிட்டதென்றால் குளிர்ந்த நீரில் மட்டும், ஊறவைக்காமல் அலசி, துண்டில் சுற்றிப் பிழிந்து உடனே விரித்துக் காயவைக்கவும். நனைந்தபடி மடித்து வைத்தால் மடிந்த இடமெல்லாம் சாயம் ஏறும். ஏறிய சாயத்தை எடுக்க ப்ளீச்சில் போட்டால் சிவப்பும் வெளுத்துப்போகும், ஆகவே அந்த ரோஜா நிறத்தைக் கேட்கிறவர்களிடம் வேண்டுமென்றே செய்ததாகச் சொல்லிவிடுங்கள்.